மூச்சுப் பிடிப்பு: நடு முதுகிலும் விலாவிலும் சட்டென்று வரும் வலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். சின்ன ஊர், சின்ன கிளினிக். காலையில் கதவைத் திறக்கும்போதே, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விலாவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, மூச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி விடும் ஒருவர் வாசலில் நிற்பது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நடக்கும். "ஒண்ணுமே பண்ணல மேடம், லேசா திரும்பினேன், பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். அப்புறம் அவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதியிருக்கிறேன். கழுத்து வலியும், காலுக்கு இறங்கும் இடுப்பு வலியும் இதில் இல்லை. தோள்பட்டைக்குக் கீழிருந்து கடைசி விலா வரை, முதுகும் பக்கமும் மட்டும்.

தண்ணி கேனைத் தூக்கினேன், அவ்வளவுதான். உள்ளே என்ன ஆகியிருக்கும்?

20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. ஆனால் வினை எடையில் இல்லை, திருப்பத்தில் இருக்கிறது. எப்படித் தூக்குகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். குனிந்து, கழுத்தை ஒரு கையிலும் அடியை இன்னொரு கையிலும் பிடித்து, கேனை நெஞ்சோடு அணைத்து நிமிர்கிறோம். கால் இரண்டும் நட்ட இடத்திலேயே இருக்க, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பி, வாயைக் கவிழ்க்கிறோம். உள்ளே தண்ணீர் குலுங்கி ஒரு பக்கமாக ஓடுகிறது. அதைச் சமாளிக்க விலாப் பக்கத்துச் சதை வெடுக்கென்று இழுக்கிறது. "சடக்" அங்கேதான்.

நடு முதுகில் 12 முள்ளெலும்புகள் உண்டு. ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு விலா எலும்பு, சின்னஞ்சிறு மூட்டுகளால் பொருந்தியிருக்கிறது. விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே மெல்லிய சதை அடுக்குகள். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு முதுகிலிருந்து முன்பக்கம் வரை வளைந்து ஓடுகிறது. குனிந்தபடி திரும்பும்போது மூட்டோ சதையோ அளவு மீறி இழுபட்டால், சுற்றியிருக்கும் பெரிய சதைகள் "இனிமேல் அசைய விடமாட்டோம்" என்று இறுகிக்கொள்கின்றன. பல நேரம் அடிபட்டது கொஞ்சம், அதைக் காக்க வந்த இறுக்கம்தான் அதிகம். மூட்டா சதையா என்று தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் வைத்தியம் பெரிதாக மாறப்போவதில்லை.

"நரம்பு மேல நரம்பு ஏறிடுச்சு" என்று சொல்வோம் இல்லையா? அப்படியெல்லாம் ஏறாது. கைக்குக் கயிறு மாதிரி தட்டுப்படுவது இறுகிப்போன சதை நார்தான்.

கேன் ஓர் உதாரணம். நனைந்த போர்வையைப் பிழியும்போது, காரில் முன் சீட்டில் உட்கார்ந்தபடி பின் சீட்டுப் பையை எட்டி எடுக்கும்போது, நிறுத்திய இடத்திலிருந்து பைக்கைப் பின்னால் இழுக்கும்போது, ஒரு தும்மலில், தூக்கத்தில் புரளும்போதுகூட வரும். கொஞ்சம் தோண்டிக் கேட்டால் முந்தைய நாள் கதை ஒன்று இருக்கும்: இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தது, கல்யாண வீட்டில் பாய் பாத்திரம் சுமந்தது, ஒரு வாரமாக இருமல்.

மூச்சை இழுத்தாலே குத்துகிறது. நுரையீரலில் ஏதாவதா?

பயம் புரிகிறது. ஆனால் ஊர் இதற்கு "மூச்சுப் பிடிப்பு" என்று பெயர் வைத்ததே இதனால்தான். விரலில் அடிபட்டால் கட்டுப்போட்டு ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு, ஒரு நாளைக்குக் குறைந்தது 17,000 தடவை அது ஏறி இறங்கியே ஆகவேண்டும். அதனால் மூச்சு நிறையும் கடைசித் துளியில் சுருக்கென்று குத்துவது சதைப் பிடிப்பிலேயே நடக்கும்.

நான் முதலில் கேட்பது: "ஒரே விரலால் இடத்தைக் காட்டுங்கள்." விரல் நுனியால் அழுத்தி "இங்கேதான்" என்று சொல்ல முடிகிறது, ஒரு பக்கம் திரும்பினால் அதே வலி வருகிறது, அசையாமல் இருந்தால் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் சுவரில்தான் கோளாறு, வீட்டுக்குள் இல்லை. உள்ளங்கையால் பொத்தாம்பொதுவாகத் தடவி "இப்படி எல்லாம்" என்பவர்களிடம்தான் நான் இன்னும் நிறையக் கேள்வி கேட்பேன்.

இந்தச் சோதனைக்கும் ஓட்டை உண்டு. நுரையீரலின் மேலுறை அழற்சியிலும் மூச்சு இழுத்தால் குத்தும். அங்கே காய்ச்சல், இருமல், சளி, மூச்சுத்திணறல் என்று கூட்டாளிகள் இருக்கும். ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞருக்குத் திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால் நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கலாம். ஆபரேஷன் முடிந்து சில நாள், காலில் மாவுக்கட்டு, நீண்ட பயணம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்து, கூடவே விலா வலியும் மூச்சிரைப்பும் வந்தால் ரத்தக்கட்டி நுரையீரலில் அடைத்திருக்கலாம். இவையெல்லாம் என் கிளினிக்குக்கு வரவேண்டியவை அல்ல, நேராக எமர்ஜென்சிக்குப் போகவேண்டியவை.

இது வாயுதானே? பூண்டு சாப்பிட்டா சரியாகிடுமா?

நம் வீடுகளில் உடம்பின் பாதி வலிக்கு வாயுதான் பழி சுமக்கிறது. குடலில் காற்று நிறைந்தால் விலாவுக்குக் கீழே வலிக்கும், உண்மைதான். ஆனால் அது வயிற்றுக்குள்ளே இருக்கிறது. முதுகுச் சதைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் வாயு என்று ஒன்று இல்லை. ஏப்பம் விட்டதும் லேசானது போலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு: அதற்காக நிமிர்ந்து மூச்சு விட்டீர்கள், உடம்பு கொஞ்சம் தளர்ந்தது.

பூண்டும் சுக்கும் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் எல்லாம் "கேஸ்தான்" என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு அரைநாள் உட்கார்ந்திருப்பதில். மாரடைப்பு எப்போதும் இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே கனமாக அமுக்கலாம், மேல்வயிற்றில் எரியலாம். குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அடையாளம் மங்கலாக இருக்கும். படி ஏறினால் கூடி, நின்றால் குறைகிற வலி, வியர்வை, குமட்டல், தாடைக்கோ கைக்கோ பரவுதல் என்றால் இசிஜி எடுத்த பிறகுதான் சோடாவைப் பற்றிப் பேச வேண்டும். திரும்பினாலும் குனிந்தாலும் அந்த வலி பெரும்பாலும் மாறாது என்பதைக் கவனியுங்கள்.

கிட்னிக் கல்லா, சதைப் பிடிப்பா? எப்படிப் பிரிப்பது?

ஆள் அறைக்குள் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். சதைப் பிடிப்பு வந்தவர் சிலை மாதிரி நிற்பார். அசைந்தால் வலிக்கும் என்பதால் நாற்காலியில் உட்காரவே யோசிப்பார். கல் வலிக்காரரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. உட்காருவார், எழுவார், நடப்பார், தரையில் படுத்துப் புரளுவார். எந்த நிலையும் உதவாது.

கல் வலி கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே தொடங்கி, அடிவயிறு, தொடையிடுக்கு என்று கீழே இறங்கும். அலை அலையாக ஏறி இறங்கும். வாந்தி வரும், சிறுநீர் சிவந்தோ கலங்கியோ போகலாம். வெயில் காலத்தில், தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வெளியில் அலைகிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். ஆனால் வலியோடு குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தால் கதை வேறு. சிறுநீரகத்தில் கிருமி, அதுவும் கல் அடைத்த சிறுநீரகத்தில் என்றால், அன்றே மருத்துவமனை. இந்தக் கிருமித் தொற்றில் அசைந்தாலும் வலிக்கும், விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினாலும் துள்ளுவார்கள். அதனால் காய்ச்சலைக் கேட்காமல் "அசைந்தால்தானே வலிக்கிறது" என்று தள்ளிவிடக் கூடாது.

வலது பக்கம் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிரியாணியோ பஜ்ஜியோ சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலித்து, அது வலது தோள்பட்டைக்குப் பின்னால் போனால் பித்தப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு நேராகத் துளைப்பது போன்ற வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, மதுப் பழக்கமும் உண்டு என்றால் கணையம்.

எந்த வலிக்கு ராத்திரியே ஓடணும்?

முதுகு கிழிவது போலத் திடீரென்று உச்சத்தில் தொடங்கிய வலி, அதுவும் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு. மூச்சிரைப்பு, மயக்கம், வியர்த்துக்கொட்டுதல். கால்கள் வலுவிழந்து போவது, சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, தொடையிடுக்கைச் சுற்றி மரத்துப்போவது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். விழுந்து அல்லது வண்டி விபத்தில் அடிபட்ட பிறகு வந்த வலி. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வந்த முதுகு வலி. இவற்றுக்கு விடியும் வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைக்கத் தயங்கவும் வேண்டாம். வலியோடு பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதைவிட அதுவே பத்திரம்.

முதல் இரண்டு நாள் என்ன செய்வது?

படுத்தே கிடக்காதீர்கள் என்பதுதான் முதல் பதில், யாருக்கும் பிடிக்காத பதிலும் அதுவே.

எனக்கே ஒருமுறை வந்தது. கேன் இல்லை, குழந்தையின் தொட்டிலிலிருந்து கீழே விழுந்த கிலுகிலுப்பை. அதன் எடை நூறு கிராம்கூட இருக்காது. ஒரு கையால் தொட்டிலைப் பிடித்தபடி மறு கையை நீட்டித் திரும்பினேன். இடது விலாவுக்குப் பின்னால் யாரோ ஊசி நூலால் இழுத்துத் தைத்தது போல இருந்தது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வருகிற பேஷன்ட்டுக்கெல்லாம் நான் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: மூச்சை வெளியே விடு. உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, வெளியே விடு. ஊதுபத்தியை அணைப்பது போல வாயைக் குவித்து மெதுவாக ஊதினால் விலாச் சதை தானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஏழெட்டு மூச்சுக்குப் பிறகு நிமிர்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று முழுக்க என் பேச்சும் நடையும் ஆமை வேகத்தில்தான்.

அதன் பிறகு மணிக்கு ஒரு தடவை ஐந்து மூச்சு. வலிக்கிற பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையை மூச்சால் வெளியே தள்ளப் பாருங்கள். குத்தும் இடம் வரை போய், அங்கே நின்று, திரும்பி வந்தால் போதும். தாண்டிப் போக வேண்டாம். அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு வலமும் இடமும் மெல்லத் திரும்புங்கள். நல்ல பக்கம் முதலில். வீட்டுக்குள் நடங்கள். இருமலோ தும்மலோ வருவது தெரிந்தால் தலையணையை விலாவோடு இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் உயிர் போகும். முழங்கால் இரண்டையும் மடக்குங்கள், தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வது போல ஒருக்களித்துப் படுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். எழும்போது மூச்சை அடக்காமல் ஊதுங்கள். தூங்கும்போது வலிக்காத பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கைக்கு அணைக்க ஒரு தலையணை.

ஒத்தடம் சூடாகவா, ஐஸா? எது இதமோ அது. என் அனுபவத்தில் நம் ஆட்களுக்கு வெந்நீர்ப் பையைவிடக் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம் பிடிக்கிறது. தாராளமாகக் கொடுங்கள், 15 நிமிடம். துணியை முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களின் முதுகில் கொப்புளம் வந்தபின் அழைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். தைலம் தடவினால் அதன் மேல் உடனே சூடு வைக்க வேண்டாம்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போகலாமா?

இதற்குப் பதில் சொன்னால் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். உலக்கையை முதுகில் உருட்டுவது, விளக்கெண்ணெய் தடவி நீவுவது, சில ஊர்களில் கால் முதலில் வெளிவந்து பிறந்தவரைத் தேடிப் பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்வது என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். என் பாட்டியும் நீவுவார். எண்ணெய் தடவி இதமாக நீவினால் இறுகிய சதை இளகும், அதில் சந்தேகம் இல்லை. நானும் மேசையில் கையால் செய்வதில் ஒரு பங்கு அதுதான்.

மிதிப்பதும், "மடக்" என்று சத்தம் வர முறுக்குவதும்தான் வேண்டாம். விலா எலும்பு மெல்லியது. வயதானவர்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அது பலகாரத் தட்டை மாதிரி உடையும். பிடிப்புக்குப் போய் எலும்பு முறிவோடு திரும்பிவந்த அம்மா ஒருவரை நான் மறக்கவில்லை. சத்தம் வந்தால்தான் சரியானது என்ற நம்பிக்கையும் தவறு. விரல் சொடுக்கும்போது வரும் அதே சத்தம்தான் அது. எலும்பு எதுவும் இடம் மாறிப் போய் உட்காருவதில்லை.

மாத்திரை?

டாக்டரோ மருந்தாளுநரோதான் இதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் மெடிக்கலில் "ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடங்குவதற்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. எடை குறைந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு வரம்பு அதற்கும் கீழே. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இவையெல்லாம் வேகமாக வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. காய்ச்சலோடு உடம்பு வலி என்றால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை யாருமே தொடக் கூடாது. "சதை தளர்த்தும்" மாத்திரை கலந்த கூட்டு மாத்திரைகளில் சில தூக்கத்தை வரவழைக்கும். போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாமா?

சாதாரணப் பிடிப்பில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, சதை அதில் விழாது. எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது தெரியும், அதுதான் சிக்கல். நாற்பது வயதைத் தாண்டிய, வலியே இல்லாத ஆளின் முதுகை எடுத்தாலும் "தட்டு தேய்ந்திருக்கிறது, லேசாகப் பிதுங்கியிருக்கிறது" என்று எழுதி வரும். அந்தத் தாளைப் படித்த நாளிலிருந்து குனியவே பயப்படும் ஆட்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எடுக்க வேண்டிய ஆட்கள் வேறு. கீழே விழுந்தவர், எலும்பு மெலிந்த வயதானவர், காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் வலி, கால் பலவீனம் உள்ளவர். நான்கைந்து வாரம் ஆகியும் குறையாமல், மாலையில் லேசான காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை என்று இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. அது நடு முதுகில்தான் அதிகம் குடியேறும், நுரையீரலில் இருமலே இல்லாமல்கூட வரும். 1779-இல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்ததால் அதற்கு அவர் பெயரே உண்டு. பயந்து ஒளிக்க வேண்டிய நோய் இல்லை. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அம்மாவுக்கு 68 வயது. துணி வாளியைத் தூக்கினார், அன்றிலிருந்து நடு முதுகு வலி. பிடிப்புதானே?

முதலில் ஒரு எக்ஸ்ரே, அப்புறம் பேசுவோம். மேலே சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன் என்று தெரியும்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைந்துகொண்டே வரும். முள்ளெலும்பின் உட்புறம் தேன்கூடு போன்றது. கூடு மெலிந்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீரோ ஒரு பலமான இருமலோ போதும், முன்பக்கம் நசுங்கிவிடும். கீழே விழுந்திருக்கவே வேண்டாம். அதனாலேயே "வயசாச்சு, முதுகு வலிதான்" என்று பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படாமல் போகின்றன. நின்றால் நடந்தால் வலி கூடும், படுத்தால் குறையும், படுக்கையில் புரளும்போது கத்துவார்கள். முதுகு நடுவில் ஒரு எலும்பின் மேலே தட்டினால் வலிக்கும். முன்பு சரியாக இருந்த ரவிக்கை தோளில் இறங்குகிறது, அலமாரியின் மேல் தட்டு எட்டவில்லை என்று சொன்னால் உயரம் குறைந்திருக்கிறது என்று பொருள்.

இவர்களுக்கு முன்னால் குனியும் பயிற்சி கொடுக்கக் கூடாது. யூடியூபில் பார்த்துச் செய்யச் சொல்லிவிடாதீர்கள். வலி சில வாரங்களில் அடங்கும். ஆனால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்புக்கு மருந்து தொடங்காவிட்டால் அடுத்த எலும்பு வரிசையில் நிற்கும். வெறும் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது.

தோலில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சட்டை உரசினாலே எரிகிறது. இதுவும் பிடிப்பா?

ஒரு பக்கம் மட்டும், முதுகிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை பட்டையாக எரிந்தால் அக்கியாக இருக்கலாம். வலி முதலில் வரும், கொப்புளம் ஒன்று முதல் ஐந்து நாள் கழித்து வரும். இடைப்பட்ட நாளில் கல் என்றும் பிடிப்பு என்றும் எல்லோரும் ஏமாறுவோம், நானும் ஏமாந்திருக்கிறேன். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு வேரில் தூங்கிக்கிடந்து திரும்ப எழுவதுதான் இது. விலாவுக்குக் கீழே ஓடும் நரம்பு என்று சொன்னேனே, அதே பாதையில்தான் கொப்புளமும் போகும்.

குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதுவது நம் பழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், காவி குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையும் தொடங்கிவிடுங்கள். தாமதித்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, தோல் ஆறிய பிறகும் எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது. விலைதான் அதிகம்.

வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சலோடு விலா வலி. பிடிப்பு தொற்றுமா?

பிடிப்பு தொற்றாது, வைரஸ் தொற்றும். டென்மார்க்கைச் சேர்ந்த போர்ன்ஹோம் தீவில் பரவிய இப்படியொரு நோயை 1930-களில் சில்வெஸ்ட் என்ற மருத்துவர் விவரித்தார். காய்ச்சலோடு விலாவைக் கிடுக்கியால் பிடித்தது போல வலி வந்து வந்து போகும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். காரணம் காக்சாக்கி வகை வைரஸ். அபூர்வம்தான். இருந்தாலும் காய்ச்சலும் மூச்சுக் குத்தலும் சேர்ந்தால் நிமோனியா இல்லை என்று டாக்டர் ஒருமுறை நெஞ்சைக் கேட்டுச் சொல்லட்டும்.

ஏழு மாத கர்ப்பம். வலது விலாவில் பிடிக்கிறது.

குழந்தை வளர வளர விலாக்கூடு விரியும், அதனால் பிடிப்பது சகஜம். நிமிர்ந்து உட்காருவதும் தலையணை அணைப்பும் உதவும். ஆனால் வலது மேல்வயிற்று வலியோடு தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் இருந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கூடாது.

விலா நுனியில் "க்ளிக்" என்று வழுக்குகிறது, மாதம் ஒருமுறை வருகிறது. யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். 8, 9, 10-ஆம் விலாக்கள் நெஞ்செலும்போடு நேராகச் சேராமல், மேலே இருக்கும் விலாவின் குருத்தெலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்டு தளர்ந்தால், குனியும்போது ஒரு விலா நுனி மேல் விலாவுக்கு அடியில் வழுக்கி நரம்பை உரசும். வலி முன்னால் தொடங்கி முதுகு வரை போகும். வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். விலா விளிம்புக்கு அடியில் விரலைக் கொக்கி போல விட்டு மெல்ல முன்னால் இழுத்தால் அதே வலியும் க்ளிக்கும் வரும். அது தெரிந்த மருத்துவர் செய்ய வேண்டியது, வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

எத்தனை நாளில் போகும்? எப்போது வேலைக்குப் போகலாம்?

முதல் மூன்று நாள் மோசம். ஒரு வாரத்தில் மூச்சு முழுதாக இழுக்க வரும், இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவார்கள். விலாச் சதை உண்மையிலேயே கிழிந்திருந்தால் ஆறு வாரம்கூட ஆகும். உட்கார்ந்த வேலை என்றால் இரண்டு மூன்று நாளில் போகலாம், அரைமணிக்கு ஒருமுறை எழுந்தால் சரி. பைக் ஓட்ட எனக்கு ஒரே அளவுகோல்தான்: வலியில் முகம் சுளிக்காமல் இரு பக்கமும் திரும்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால் பஸ்.

கேனை இனி யார் தூக்குவது?

நீங்களே தூக்கலாம், கால் திரும்பினால் போதும். கேனை டிஸ்பென்சருக்கு நேராகவே முன்னால் வையுங்கள், பக்கத்தில் வேண்டாம். முதலில் ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றி, மூச்சு விட்டு, அங்கிருந்து இரண்டாவது தூக்கு. திரும்ப வேண்டியிருந்தால் முதுகைத் திருப்பாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். அதுவும் கஷ்டம் என்றால் கை பம்ப் ஒன்றைக் கேனின் வாயில் மாட்டிவிட்டு, கேனைத் தரையிலேயே விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் இப்போது அதுதான்.